சுவரில் திரும்பிய சப்பாணிமுத்து

ஆடி மாசத்தில் ஏழாயிரங்குளத்தில் கல்யாணம் கிடையாது, புதுமனை புகுவது கிடையாது, சடங்கு வைப்பதைக்கூட ஆவணிக்குத் தள்ளிவிடுவார்கள், ஆகவே ஊருக்குள் புதுசாக ஒரு பிளக்ஸும் முளைக்காது என்பதை வேலையை ஆரம்பிக்கும் முன்பே செண்பகவடிவு யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஹால் சுவரில் முக்கால்வாசியை வெள்ளைவெளேரென்று ஒட்டி முடித்துவிட்டு, நட்டநடுவில் ஓதம் காத்து உப்புப் பூத்த இடம் ஒரு பிளக்ஸ் அளவுக்குப் பாக்கி நின்றபோதுதான் அவளுக்கு மாசம் ஞாபகம் வந்தது. மகள் வருவதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

வடிவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒட்டுகிறாள், அவள் ஒட்டினால் ஒரு கொப்புளம் எழும்பாது, ஒரு ஓரம் பிரியாது. குடியிருப்பது மிலிட்டரிக்காரர் லைனில், ஒரே கூரைக்குக் கீழே எட்டு வீடுகள், எட்டுக்கும் ஒரே குழாய், ஒரு வீட்டில் தும்மினால் எட்டாவது வீட்டில் ‘நூறாயுசு’ என்பார்கள். புருஷன் கொம்பையா மூட்டை தூக்குகிறவர், அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் சுபிக்‌ஷா கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள்.

மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு தூக்குவாளி நிறையச் சேவு எடுத்துக்கொண்டு வடிவு மகளைப் பார்க்க ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். மகளோடு ஒரே அறையில் இருக்கும் ஜெசிந்தா என்ற பெண் சேவைக் கொறித்துக்கொண்டே, “ஆன்ட்டி, உங்க வீட்டு வேலை இன்னும் முடியலையா? மூணு வருஷமா நடக்குதே, அப்படி என்ன கட்டறீங்க?” என்று கேட்டாள். சுபிக்‌ஷா சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். வடிவுக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை, விளங்கியதும் முகம் சுட்டது. “முடியப்போவுது தாயி, பூச்சு வேலைதான் பாக்கி” என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தாள். மகள்மேல் கோபம் வந்திருந்தால் பரவாயில்லை. பெற்ற பிள்ளை, தோழிகள் வீட்டுக்கு வந்துவிடாமல் இருக்கப் பொய் சொல்லி மூடவேண்டிய இடத்தில் அவளை வைத்திருக்கிறோமே என்று வெட்கம்தான் வந்தது.

அன்றிலிருந்து வடிவு போனில் வீட்டு அலங்கார வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினாள். ‘ஹாய் ஃபிரெண்ட்ஸ், கையில இருக்கிறதை வச்சே வீட்டை எப்படி மாத்தலாம்னு பார்க்கலாமா’ என்று சிரிக்கிற ஒரு சென்னைப் பெண் சொன்னதையெல்லாம் அவள் ஏழாயிரங்குளத்துக்குத் தோதாக மாற்றிக்கொண்டாள். பழைய டயருக்குக் கயிறு சுற்றினால் ஸ்டூல் ஆனது, ஆப்பிள் பெட்டிப் பலகையைத் தேய்த்தால் அலமாரி ஆனது, பட்டன் அறுந்த கொம்பையாவின் சட்டைகள் தலையணை உறை ஆயின, கல்யாணத்துக்குக் கட்டிய மாம்பழக் கலர் சேலை ஜன்னலுக்குத் திரை ஆனது. சுவருக்கு மட்டும் அந்தச் சென்னைப் பெண் சொன்ன எதுவும் சரிப்படவில்லை. ஓதம் காத்த சுவரில் எந்தப் பெயின்ட் நிற்கும்? பிளக்ஸின் முதுகுப்பக்கம் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதைத் திருப்பி ஒட்டி, இணைப்பில் கறுப்படித்த மரச்சட்டம் அடித்தால் படத்தில் வருகிற வீடு மாதிரி இருக்குமே என்று கண்டுபிடித்தது முழுக்க முழுக்க வடிவின் சொந்த மூளை.

பிளக்ஸ் எடுப்பதற்கு அந்த ஊரில் முறை உண்டு. கல்யாண பிளக்ஸை மறுநாள் காலையில் யாரும் அவிழ்க்கலாம். கட்சி பிளக்ஸைக் கூட்டம் முடிந்து தலைவர் கார் ஊரைத் தாண்டியதும் அவிழ்க்கலாம். சடங்கு பிளக்ஸுக்கு மூன்று நாள். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை மட்டும் பதினாறாம் நாள் காரியம் முடியாமல் தொடக்கூடாது, முடிந்த பிறகும் வீட்டாளிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் எடுக்கவேண்டும். இப்படி முறைப்படி எடுத்த ஒரு மாப்பிள்ளையும், ஒரு எம்.எல்.ஏ.யும், பெரிய மனுஷியான ஒரு சிறுமியும் ஏற்கெனவே வடிவின் சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை உச்சிவெயிலில், ஆபீஸில் சாப்பாட்டுக்கு விட்ட நேரம், கம்மாய்க்கரைத் தெருவில் ஒரு காக்கா இல்லை. ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தது. தலையில் தொப்பியோடு ஒரு ஆள், அடையாள அட்டையிலிருந்து பெருசாக்கிய படம். கயிற்றை அவிழ்க்கும்போதே வடிவு எல்லா வரியையும் படித்தாள். ‘கண்ணீர் அஞ்சலி. பஞ்சுக் குடோன் வாட்ச்மேன் ச. சப்பாணிமுத்து அவர்கள்.’ அதற்குக் கீழே இறந்த தேதி, அதற்கும் கீழே ‘பதினாறாம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி’, கடைசியில் ‘துயரில் வாடும் மனைவி குருவம்மா’. விரல் விட்டு எண்ணவே வேண்டாம், அன்றைக்குப் பதினொன்றாம் நாள்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தே அவிழ்த்தாள், தெரிந்தே சுருட்டினாள், தெரிந்தேதான் சேலைத் தலைப்பால் போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

புதன்கிழமை பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் கலந்து, சப்பாணிமுத்துவின் முகத்தைச் சுவரோடு சேர்த்து ஒட்டி, சட்டம் அடித்து, போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. “யம்மா, இது நம்ம வீடா? நெசமாவே நம்ம வீடா?” என்று கேட்ட சுபிக்‌ஷாவின் குரல் கம்மியிருந்தது. குற்றாலத்துக்குப் போகிற வழியில் ஜெசிந்தாவும் இன்னொருத்தியும் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வருகிறார்கள், அவர்களிடமும் போட்டோவைக் காட்டிவிட்டேன் என்றாள். போனை வைத்துவிட்டு வடிவு வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை விடிந்து வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தால், நடுச்சுவரின் வெள்ளையில் முதலில் தொப்பி தெரிந்தது, சாமான் துலக்கி முடிப்பதற்குள் நெற்றி வந்தது, உலை கொதிப்பதற்குள் மீசை வந்தது, கொம்பையா பல் விளக்கிவிட்டு வந்து உட்காரும்போது சப்பாணிமுத்து முழு முகத்தோடு இந்தப் பக்கம் திரும்பி ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடிவு ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். துடைத்ததில் முகம் இன்னும் பளிச்சென்று ஆனது.

கொம்பையா காப்பியை ஆற்றியபடி ஏறிட்டுப் பார்த்தார். “யாரு, குடோன் வாட்ச்மேனா? நல்ல மனுசன். மூடை எறக்கப் போனா தண்ணி மோந்து குடுப்பாரு” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் கறிவேப்பிலை கேட்டு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். “ஆளு திரும்பிட்டாரு போலயே வடிவு.”

“ஆமா மதினி.”

“எங்க ஆட்டுக் கொட்டாயில கூரைக்குக் கட்டுன கவுன்சிலரு ரெண்டு வருசமாச்சு, இன்னும் ஒரு வாட்டி திரும்புனாரா? இவரு மரியாதக்காரரு. ஒருத்தர் வீட்டுல வந்து இருந்துக்கிட்டு முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கலாமான்னு நெனச்சிருப்பாரு” என்று அதற்கு ஒரு நியாயத்தையும் சொல்லிவிட்டு, கறிவேப்பிலையை மறந்துவிட்டு, லைனுக்குச் சேதி சொல்லப் போனாள்.

லைன் வந்தது, பார்த்தது, ஏன் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு யோசனைகள் இருந்தன. வந்த ஆளுக்குக் காப்பி வைப்பதா விளக்கு வைப்பதா என்று ஒரு வாக்குவாதம் நடந்து, இரண்டும் வைப்பது என்று முடிவாயிற்று. டிவி அவர் பார்க்கிற மாதிரி இல்லையே என்று இரண்டு பேர் அதைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தார்கள். பெண்கள் சேலை மாற்றுவது எப்படி என்று ஆறாவது வீட்டுக்காரி கவலைப்பட்டாள், மாற்றிப் பார்த்ததில் அவர் கண்ணை மூடிக்கொண்டார், கொசுவம் சொருகி முடிக்கிறவரை திறக்கவில்லை, அதிலிருந்து லைன் பெண்களுக்கு அவர்மேல் தனி மதிப்பு வந்துவிட்டது. ரிட்டயர்டு கண்டக்டர் சங்கிலிப்பாண்டி தினமும் குழாயடியில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி பேப்பர் படிக்கிறவர், அன்றைக்கு டயர் ஸ்டூலை இழுத்துப்போட்டு சப்பாணிமுத்துவுக்கு எதிரே உட்கார்ந்து படித்தார், விளம்பரங்களையும் விடவில்லை. வாட்ச்மேனாக இருந்த ஆள் சும்மா இருந்தால் சங்கடப்படுவார் என்று யாரோ சொல்ல, மத்தியானம் எட்டு வீட்டுச் சாவியும் அவருக்குக் கீழே ஆணியில் தொங்கின. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக லைனில் எல்லோரும் நிம்மதியாக வேலைக்குப் போனார்கள்.

“ஒன் கை ராசி வடிவு. சுவரும் அழகாச்சு, சுவருக்கு ஒரு ஆளும் கெடச்சாச்சு” என்றாள் அந்தோணியம்மாள். ஒவ்வொரு பாராட்டுக்கும் வடிவு அடுப்படிக்குள் போய் எதையாவது கழுவினாள். அந்த முகம் அவளைக் குற்றம் சொல்கிற மாதிரி பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எடுத்த படமாக இருக்கவேண்டும், எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன் என்கிற மாதிரி ஒரு பார்வை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பேர் வந்தது. பஞ்சுக் குடோன் வாட்ச்மேன் ச. சப்பாணிமுத்து அவர்கள். லைன்காரர்கள் தெரிந்த பேரைத் திரும்ப ஒருமுறை படித்துச் சந்தோஷப்பட்டார்கள். வடிவு மட்டும் அதற்குக் கீழே இருந்த வெள்ளையைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஒரு வரி கீழே இறங்குகிறது, அடுத்த வரி என்ன என்பது அவளுக்கு மனப்பாடம். ஆப்பிள் பெட்டி அலமாரியை இழுத்து மறைத்தாள், பேர் அலமாரிக்கு மேலே ஏறி நின்றது. திரையை அவிழ்த்துக் கட்டினாள், முகமும் பேரும் திரைக்கு மேலேயே வந்து படிந்தன. பிய்த்துக் கொண்டுபோய்க் கட்டிவிடலாம், ஒரு நாழிகை வேலை. பிய்த்தால் சுவர் தெரியும், ஓதமும் உப்பும் உதிரும் காரையும் தெரியும், ஜெசிந்தா வந்து நின்று, இதுதானா மூன்று வருஷமாக நடந்த வேலை என்று மகளைப் பார்ப்பாள். வடிவு அதை நினைத்துப் பார்த்தாள், பிய்க்கவில்லை.

சனிக்கிழமை காலை தேதியும் காரியத்து வரியும் சேர்ந்தே வந்தன. கண்டக்டர் வழக்கம்போலப் பேப்பரோடு வந்து உட்கார்ந்தவர், சுவரில் புது எழுத்தைப் பார்த்ததும் உற்சாகமாக நிமிர்ந்து, “மறைவு, ஆடி மாதம் பதினொன்றாம்...” என்று வாய்விட்டு ஆரம்பித்து, அடுத்த வரிக்குக் கண் இறங்கியதும் நிறுத்தினார். அவர் உதடுகள் எண்ணுவது தெரிந்தது. பின்னால் அந்தோணியம்மாளும் ஆறாவது வீட்டுக்காரியும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள், எல்லோருமே எண்ணினார்கள். நாளைக்குத்தான் பதினாறு. இந்தச் சுவரில் வாட்ச்மேன் முகம் தெரிந்தே மூன்று நாளாகிறது.

“அடுத்து என்ன மாமா போட்டுருக்கு?” என்று வாசலில் இருந்த ஒருத்தி கேட்டாள்.

கண்டக்டர் மூக்கின்மேல் இருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, “கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் தாயி. ஒண்ணும் தெரியல” என்றார்.

“எழுத்து ரொம்பப் பொடிசாவுல்ல இருக்கு” என்றாள் தினமும் பைபிள் வாசிக்கிற அந்தோணியம்மாள். ஆறாவது வீட்டுக்காரி, தனக்கு எப்போதுமே எழுத்து ஓடாது என்றாள், அவள் ரேஷன் கடையில் பில் எழுதுகிறவள். ஒருவர் பின் ஒருவராக எட்டு வீடும் அந்த ஒரு நிமிஷத்தில் படிப்பை மறந்துவிட்டது. உலை வைக்கவேண்டும், குழாயில் தண்ணீர் வருகிற நேரம் என்று சொல்லிக்கொண்டு, வடிவின் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக, யாரும் அவசரப்படாமல் கலைந்து போனார்கள்.

செத்த ஆள் சுவரில் வந்து நின்றதை ஒரு டம்ளர் காப்பியோடு ஏற்றுக்கொண்ட லைன் இதை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைத்துவிட்டது. யாராவது கேட்டிருக்கலாம். காறித் துப்பியிருந்தால்கூட வடிவு துடைத்துக்கொண்டு போயிருப்பாள். ஆணியில் தொங்கிய சாவிகளையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், ஒருவரும் எடுக்கவில்லை. எட்டுச் சாவியும் அப்படியே அவள் வீட்டில் தொங்க, அவள் அடுப்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொம்பையா மத்தியானச் சோற்றை வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். வைத்த குழம்பில் உப்பு இல்லை, அவர் அதையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் போன் பண்ணினாள், பஸ் ராஜபாளையம் தாண்டிவிட்டது என்றாள். வடிவு போனை வைத்துவிட்டுத் தோசைக்கரண்டியை எடுத்துவந்து முதல் சட்டத்தை நெம்பினாள். கொம்பையா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒட்டியது அவ்வளவு லேசில் வருமா, சுவர்தான் வந்தது, காரை கட்டிகட்டியாகப் பிளக்ஸோடு பிய்ந்து அவள் தலையிலும் தோளிலும் கொட்டியது. முழுக்க உரித்துத் திருப்பிப் பார்த்தால், அச்சடித்த பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. சப்பாணிமுத்து தன் பேரோடும் தேதியோடும் முழுசாக இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தார்.

“நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரட்டுமா?” என்றார் கொம்பையா.

“வேண்டாம். எடுத்தவ நானு.”

சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் போர்த்தாமல், குழாயடியில் நின்ற அத்தனை பேரையும் தாண்டி வடிவு கம்மாய்க்கரைத் தெருவுக்கு நடந்தாள். தெருமுனையில் வெளியூர்ச் சொந்தங்கள் இரண்டு வேன் நிறைய வந்து இறங்கி, வாட்ச்மேன் வீடு எது என்று கதவுகதவாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அடையாளத்துக்கு அந்த பிளக்ஸ்தானே இருந்திருக்க வேண்டும், அது இல்லாததால் அலைகிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. கையால் வழி காட்டிவிட்டு அவர்களுக்கு முன்னால் நடந்தாள். அவர்கள் அவள் பின்னாலேயே வந்தார்கள்.

குருவம்மா நிலைப்படிக்கு உள்ளே, ஜன்னலை ஒட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒடிசலான பெண், வடிவைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். வடிவு வாசலில் நின்றே பிளக்ஸை விரித்துப் பிடித்தாள், முகம் உள்ளே பார்க்கிற மாதிரி. குருவம்மா மெல்ல எழுந்து நிலைப்படி வரைக்கும் வந்தாள், அதற்குமேல் காலை எடுத்து வைக்கவில்லை. புருஷனைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டி ஓரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

“முதுகு பூரா சுண்ணாம்பா இருக்கே” என்று சொல்லி, குளித்துவிட்டு வந்த ஆளைத் துவட்டுகிற மாதிரி, சேலை முந்தானையால் அந்த வெள்ளைப் பக்கத்தை மேலிருந்து கீழாகத் துடைத்தாள்.

“யக்கா” என்றாள் வடிவு. “யக்கா, இத வந்து... நான்தான்...”

“தெரியும்” என்றாள் குருவம்மா துடைத்துக்கொண்டே. அவள் குரல் வடிவுக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது. “செவ்வாக்கெழம மத்தியானம். இந்த ஜன்னல்லதான் உக்காந்திருந்தேன். நீ மொத முடிச்ச அவுக்கும்போதே பாத்துட்டேன். எந்திரிச்சி வரலாம்னா பதினாறு முடியாம நான் படி தாண்டக்கூடாது.”

“ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா யக்கா?”

“போட வாயத் தொறந்தேன். போட்டா தெருவே கூடியிரும். பொம்பள தனியா நிக்கிற, வேர்த்து ஊத்துது. நடுத்தெருவுல ஒனக்கு அசிங்கமாப் போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன்.” கடைசி காரைத் துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தாள். “காத்து கொண்டுபோயிருச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நீயும் அப்பிடியே சொல்லு.”

வடிவு அடிவாங்கத் தயாராகத்தான் வந்தாள், இதற்குத் தயாராக வரவில்லை. ஐந்து நாளாக யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் மறைத்ததை, அந்த ஐந்து நாளும் இந்த அம்மாள் துக்கத்தோடு துக்கமாக அவளுக்காக மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“யம்மா! இங்க என்ன பண்ற?”

பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற வழி அதுதான். சுபிக்‌ஷா தோளில் பையோடு நின்றாள், பக்கத்தில் ஜெசிந்தாவும் இன்னொரு உயரமான பெண்ணும். தாயின் தலையெல்லாம் காரை, ரவிக்கையெல்லாம் பசை. மகளின் முகம் சுருங்கத் தொடங்கியதை வடிவு பார்த்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள், மகள் முன்னாலேயே, அந்தப் பெண்கள் முன்னாலேயே, வந்தது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

“ஒன் மகளா தாயி?” என்று குருவம்மா முந்திக்கொண்டு, படிக்கு உள்ளிருந்தபடியே தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். “பாப்பா, எங்க வீட்டுக்காரரு படத்தக் காத்து தூக்கிட்டுப் போயிருச்சி. ஒங்கம்மாதான் தேடி எடுத்து, காரியத்துக்கு நேரத்தோட கொண்டாந்து சேத்தா. இப்பிடி மண்ணும் காரையுமா வந்து நிக்கா பாரு. யாரு செய்வா இந்தக் காலத்துல?”

வேனில் வந்த சொந்தங்கள் வடிவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தா, “ஆன்ட்டி, கிரேட் ஆன்ட்டி நீங்க” என்றாள். வடிவு குருவம்மாவைப் பார்த்தாள், குருவம்மா வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தாள்.

சுபிக்‌ஷா பையைக் கீழே போட்டுவிட்டு வந்து, அத்தனை பேருக்கும் நடுவில், பசையையும் காரையையும் பொருட்படுத்தாமல் தாயின் தோளைக் கட்டிக்கொண்டாள். “இவங்கதான் எங்கம்மா” என்று அந்த உயரமான பெண்ணிடம் சொன்னாள். மகள் குரலில் அவ்வளவு பெருமையை, அவள் பிறந்ததிலிருந்து வடிவு கேட்டதில்லை. நிமிர்ந்து மகளைப் பார்க்க நினைத்தாள், கழுத்து நிமிரவில்லை.

“பாருங்கடி” என்று மகள் சிரித்தாள். “நாலு பேரு நல்லவிதமாச் சொன்னா எங்கம்மாவுக்கு எப்பவுமே இப்படித்தான் கூச்சம்.”